விட்டுக்கொடுக்க முடியாத ஒரு பேர்

ரே குபியாக்குக்கு வாய் கொஞ்சம் நீளம். பனிவாரி லாரி ஓட்டுகிறவர்கள் பலருக்கும் அப்படித்தான். நாளெல்லாம் தனியாக உட்கார்ந்து சாலையைச் சுரண்டிவிட்டு, ஒரு மனித முகத்தைக் கண்டதும் சேர்த்து வைத்ததையெல்லாம் கொட்டிவிடுவார்கள். ரே கொட்டுகிற இடம் லொரெய்னின் மதுக்கடை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூடைப்பந்து ஆட்டம் என்றால், பஃபலோவில் இடுப்பளவு பனி கிடந்தாலும் அவர் அங்கே இருப்பார். அவர் வீட்டு மாடியில் குடியிருக்கும் தம்பி நார்பர்ட்டும் கூடவே இருப்பான்.

அந்த டிசம்பர் ஞாயிறும் மில்லர்ஸ் அணி தோற்றது. தோற்காமல் என்ன செய்யும்? எல்லிஸ் வாரிங் மேனேஜராக வந்ததும் முதல் வேலையாக, ஓடத் தெரிந்தவன், எறியத் தெரிந்தவன் எல்லோரையும் வெளியூர் அணிகளுக்குத் தள்ளிவிட்டார். பதிலுக்கு வாங்கியதெல்லாம் வெறும் 'முதல் தேர்வு'கள். வருங்காலத்தில் புதுப் பையன்கள் வரும்போது முந்திக்கொண்டு பொறுக்கும் உரிமை, அவ்வளவுதான். கேவலமாகத் தோற்கிற அணிக்குத்தான் மே மாதக் குலுக்கலில் நல்ல இடம் கிடைக்கும். ஆகவே தோற்பதுதான் திட்டம். ஊரில் பாதிப் பேர் அவரை மேதை என்றார்கள். மீதிப் பேர் ஏரியில் தூக்கிப் போட ஆள் தேடினார்கள்.

"டல்லியை வித்தான் பாரு, அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு, இந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரம் இல்ல," என்றான் நார்பர்ட். வாரிங் விற்றுவிட்ட ஆட்டக்காரன் டெஸ்மண்ட் டல்லியின் பேர் போட்ட பழைய சட்டையைத்தான் அன்றைக்கும் போட்டிருந்தான்.

"டல்லிக்கு முட்டி போச்சுடா. இன்னும் வச்சிருந்தா நாற்காலியில உக்கார வச்சுத் தள்ளிக்கிட்டுத்தான் ஆடணும்," என்றார் ரே.

"அவன் இந்த ஊர்ல வீடு வாங்கினவன் அண்ணே. அவன் பொண்ணு நம்ம ஸ்கூல்ல படிச்சுது."

"அதுக்கு? கோப்பை வேணுமா, கும்பாபிஷேகம் வேணுமா? வாரிங் என்ன சொல்றாரு? விட்டுக்கொடுக்க முடியாத ஆள்னு உலகத்துல எவனும் கிடையாது. அதைப் புரிஞ்சுக்கிட்டவன்தான் கட்டி எழுப்புவான். மத்தவன் பழைய போட்டோவைப் பாத்து அழுதுக்கிட்டிருப்பான்."

எதிரே உட்கார்ந்திருந்த ஃபின்னர்ட்டி சிரித்தார். பாய்லர் ரிப்பேர் செய்கிறவர். மனைவி போய்விட்டாள், கூடப் பிறந்தவர் யாருமில்லை, மோரீன் என்று ஒரே மகள். ரேயை உசுப்பேற்றுவது அவருக்குப் பொழுதுபோக்கு. "அதனாலதான் இந்த வருஷம் நீ பேரே சொல்லலையா?"

அது அந்தக் கடை வழக்கம். மேனேஜர்கள் ஆட்களை மாற்றிக்கொள்வதைப் பார்த்துப் பார்த்து, இவர்களும் தங்களுக்குள் மாற்று வியாபாரம் செய்வார்கள். ஒருத்தர் தன் முதுகுவலியைத் தள்ளிவிட்டு இன்னொருத்தருடைய மீன்பிடி படகை வாங்குவார். இரண்டு பேரும் "ஆச்சு" என்று சொன்னால் லொரெய்ன் கல்லாவுக்கு மேலே தொங்கும் பழைய தானியக் கப்பல் மணியை அடிப்பாள். எல்லாரும் கெக்கலித்துவிட்டு அடுத்த கோப்பைக்குப் போவார்கள். ஒரே ஒரு விதி, லொரெய்ன் வைத்தது. சீசனின் முதல் ஆட்டத்தன்று ஒவ்வொருத்தரும் ஒரு பேர் சொல்ல வேண்டும். அந்த ஆளைப் பற்றி அந்த வருஷம் யாரும் பேரம் பேசக்கூடாது. ஃபின்னர்ட்டி தன் மகள் பேரைச் சொல்லியிருந்தார். ரே வாரிங்கின் பக்தர் இல்லையா, "எனக்கு யாரும் இல்ல, எல்லாரும் கடைக்கு வரலாம்" என்று மார்தட்டியிருந்தார்.

"ஆமா, சொல்லல. இப்ப என்ன?" என்றார் ரே.

"அப்ப நார்பர்ட்டைக் கொடு."

கடை முழுக்கச் சிரித்தது. நார்பர்ட் சிரிக்கவில்லை. "அண்ணே, உனக்குத் தைரியம் இருக்காது," என்றான், பாதி விளையாட்டாக.

அந்த வார்த்தைதான் ரேயைக் கிளப்பியது. நாலு பேர் முன்னால் தம்பி இப்படிச் சொன்னால் எந்த அண்ணன் சும்மா இருப்பான்? "பதிலுக்கு என்னய்யா தருவ?"

"என் முதல் தேர்வு. இனிமே என் வீட்டுக்கு வர்ற முதல் நல்ல சேதி உனக்கு."

"ஆச்சு," என்றார் ரே.

"ஆச்சு," என்றார் ஃபின்னர்ட்டி.

லொரெய்ன் உடனே மணியைத் தொடவில்லை. "ரே, யோசிச்சுக்க," என்றாள். ரே கையை வீசினார். அவள் அடித்தாள்.

நார்பர்ட் தன் இறைச்சி பன் தட்டையும் கோப்பையையும் எடுத்துக்கொண்டு எழுந்தான். மேசையைச் சுற்றிப் போய் ஃபின்னர்ட்டி பக்கத்தில் உட்கார்ந்தான். ரேக்கு அதுவும் நல்ல நகைச்சுவையாகத்தான் இருந்தது. தம்பிக்குக் கோபம், நடிக்கிறான், வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் என்று நினைத்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனார். மாடிப்படியில் நார்பர்ட்டின் பனிக்காலணி இல்லை. கதவைத் தட்டினார். சாவி போட்டுத் திறந்தார். உள்ளே காலி. சாமான் எடுத்துப் போன காலி அல்ல, ஆள் இருந்தே பழகாத வீட்டின் காலி. அடுப்பு வைத்த தடம்கூடத் தரையில் இல்லை. சுவர்த்தாளில் ஆணி அடித்த ஓட்டை இல்லை. தண்ணீர்க் குழாயைத் திருகினால் துரு கலந்து கக்கிக் கக்கி வந்தது.

கீழே வந்து மகள் கொலெட்டுக்கு ஃபோன் போட்டார். "சித்தப்பா அங்க வந்தானா?"

"எந்தச் சித்தப்பா?"

"நார்பர்ட்டும்மா."

"ஃபின்னர்ட்டி அங்கிளோட தம்பியா? அவர் எதுக்குப்பா எங்க வீட்டுக்கு வர்றாரு?" கொலெட் கொஞ்சம் தயங்கினாள். "அப்பா, மருந்து ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

கூடத்தில் அம்மா படம் மாட்டியிருந்தது. அம்மா மடியில் ஒரே ஒரு பையன், ரே. அம்மாவின் இடது கை மட்டும் பக்கத்தில் யாரையோ அணைத்தபடி, வெறும் காற்றை வளைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு அவர் அந்தக் கூடத்தில் விளக்கை அணைக்கவில்லை.

மறுநாள் காலை கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றார். லொரெய்ன் எதுவும் கேட்காமல் உள்ளே விட்டு காபி ஊற்றினாள். தெருவெல்லாம் ஆலையில் ஓட்ஸ் வறுபடும் வாசனை.

"கேட்க வந்துட்டியா?" என்றாள். "எல்லாரும் ஒரு நாள் இப்படி வந்து நிப்பீங்க."

"இது என்ன லொரெய்ன்?"

"எனக்கும் தெரியாது. பொருள்னா ஒண்ணும் ஆகாது. ஆளைக் கொடுத்தா போயிடறாங்க. கொடுத்தவனுக்கும் வாங்கினவனுக்கும் மணி அடிச்ச எனக்கும் மட்டும் ஞாபகம் இருக்கும். அந்த மூலையில வாயே திறக்காம குடிப்பாரே ஆகஸ்ட், அவருக்கு ஒரு பொண்டாட்டி இருந்தா. சூப் நல்லா வைப்பா. இப்ப அவ வேற யாரோட பொண்டாட்டியோ. தினம் இந்த வழியாத்தான் பஸ்ஸுக்குப் போறா."

"தெரிஞ்சும் ஏன் அடிக்கிற?"

"ஒரு தடவை மணியைக் கழட்டிப் போட்டேன். கரண்டியால டம்ளரைத் தட்டினாங்க. அதுவும் பலிச்சுது. அதுக்கப்புறம்தான் ஆளுக்கு ஒரு பேராவது காப்பாத்திக்கங்கன்னு விதி வச்சேன். நீ அதையும் வேணாம்னுட்ட." அவள் குரலில் கோபம் இல்லை. அதுதான் ரேக்குத் தாங்கவில்லை. "திருப்பி வாங்கணும்னா திருப்பி வியாபாரம் பண்ணணும். ஃபின்னர்ட்டிகிட்ட பேசு."

ஃபின்னர்ட்டி வீட்டுக் கதவைத் திறந்தது நார்பர்ட். கையில் சீட்டுக்கட்டு. "வாங்க சார். குபியாக்தானே? கடையில பாத்திருக்கேன். அண்ணே, உன்னைத் தேடிக்கிட்டு வந்திருக்காரு." அந்த 'அண்ணே' உள்ளே திரும்பி வேறொருத்தருக்குப் போனது.

ஃபின்னர்ட்டி வெளியே வந்து கதவைச் சாத்தினார். ரேயின் கண்ணைப் பார்க்கவில்லை.

"அவனைக் கொடுத்துடுய்யா," என்றார் ரே.

"பதிலுக்கு?"

"உன் தேர்வை நீயே வச்சுக்க."

"வெறும் காத்து. அது எனக்கு எதுக்கு?" ஃபின்னர்ட்டி கையுறையை முறுக்கினார். "ராத்திரி நாங்க ரெண்டு பேரும் சீட்டு ஆடினோம். இந்த வீட்ல என்கூட யாரும் சீட்டு ஆடினதில்ல. எனக்குத் தெரியும், நேத்து வரைக்கும் அவன் உன் தம்பி. ஆனா அவனுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. நீதானே சொன்ன, பழசைப் பாத்து அழறவன் உருப்பட மாட்டான்னு. பொறுமையா இரு. உன் மேனேஜர் ஊருக்கெல்லாம் சொல்றது அதுதானே?"

ரே படியிறங்கி நடந்தார். தான் பேசிய பேச்சையே தன் வாயில் திணித்தால் மனுஷன் என்ன சொல்வான்?

அந்தக் குளிர்காலம் அவருக்கு நரகம். வாரா வாரம் கடைக்குப் போனார், போகாமல் இருக்க முடியவில்லை, அங்கேதான் தம்பி இருந்தான். நார்பர்ட் அதே மாதிரி பன்னைப் பிய்த்தான், அதே மாதிரி வாரிங்கைத் திட்டினான். ரே எதிர்த்துப் பேசுவதை விட்டுவிட்டார். "என்ன சார், நம்ம கட்சிக்கு வந்துட்டீங்களா?" என்று நார்பர்ட் ஒரு நாள் கேட்டான். ரே கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். திரும்பி வரும்போது மூலையிலிருந்து ஆகஸ்ட் அவரைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தார்.

ஆட்களை மாற்றிக்கொள்வதற்கான பிப்ரவரிக் கெடு வந்தது, போனது. அந்தக் கெடுவுக்கு அப்புறம் அடுத்த சீசன் வரைக்கும் லீகில் மாதிரியே கடையிலும் வியாபாரம் கிடையாது.

மே மாதம், குலுக்கல் நாள். டி.வி.யில் பந்துகள் சுழன்றுகொண்டிருந்தன. ஃபின்னர்ட்டி முகமெல்லாம் பல்லாக உள்ளே வந்தார், எல்லாருக்கும் தன் செலவில் ஒரு சுற்று சொன்னார். "மோரீன் இப்பத்தான் ஃபோன் பண்ணா. நான் தாத்தா ஆகப்போறேன்."

கடை ஆரவாரித்தது. டி.வி.யில் மில்லர்ஸுக்கே முதல் தேர்வு என்று அறிவித்தார்கள். எல்லாரும் ஒருத்தரை ஒருத்தர் கட்டிப்பிடித்துக் கத்தினார்கள். அந்தச் சத்தத்தில் ரேயின் ஃபோன் அதிர்ந்தது. கொலெட். அவளுக்குப் பேச்சே வரவில்லை, அழுதாள். கல்யாணமாகி எத்தனையோ தடவை கரு தங்காமல் போனது, டாக்டர்களே கைவிரித்தது. இப்போது தங்கியிருக்கிறதாம். குழந்தையின் நெஞ்சுத் துடிப்பைக் கேட்டாளாம்.

ரே ஃபோனைப் பிடித்தபடியே திரும்பினார். எதிரில் ஃபின்னர்ட்டி ரேயின் முகத்தைப் பார்த்தார். மெல்லத் தன் ஃபோனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். ரேக்கு அவருடைய பக்கம் மட்டும்தான் கேட்டது. "மோரீன், நீ இப்ப சொன்னியே... இல்லையா?... இல்லம்மா, ஒண்ணுமில்ல, ஏதோ கனவு." லொரெய்ன் தட்டு கழுவுவதை நிறுத்திவிட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் ஏன் ஃபின்னர்ட்டி சுற்று சொன்னார் என்பதையே மறந்து, குலுக்கலுக்காகத்தான் என்று வாழ்த்திக் குடித்தார்கள்.

அன்றைக்கே ஃபின்னர்ட்டி ரேயைக் கடையின் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனார். "உன் தம்பியை எடுத்துக்க. என் வீட்டு நல்ல சேதியைத் திருப்பிக் கொடுத்துடு. கால்ல விழறேன்ப்பா."

"கொடுத்துடறேன்," என்றார் ரே. மனசறிந்துதான் சொன்னார். அந்தக் குழந்தை தன்னுடையதில்லை என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. இரண்டு பேரும் உள்ளே வந்து "ஆச்சு" என்றார்கள், லொரெய்ன் மணி அடித்தாள். நார்பர்ட் கடலையைக் கொறித்துக்கொண்டு இருந்த இடத்திலேயே இருந்தான்.

"கெடு தாண்டினா பலிக்காது," என்றாள் லொரெய்ன். "முதல் ஆட்டம் வரைக்கும் காத்திருக்கணும்."

"சத்தியமா?" என்று ரேயின் கையைப் பிடித்தார் ஃபின்னர்ட்டி.

"சத்தியமா."

நடுவில் ஒரு கோடைகாலம் இருந்தது. அதுதான் வினை. கொலெட் சின்ன அறைக்கு மஞ்சள் வண்ணம் அடிக்க அப்பாவைக் கூப்பிட்டாள். அவர் அடித்தார். தொட்டில் வாங்கினாள், அவர் திருகாணி முடுக்கினார். அவள் சாப்பிட உட்கார்ந்தால் வயிற்றில் ஒரு கையை வைத்துக்கொண்டே சாப்பிட்டாள், எடுத்தால் ஓடிவிடும் என்பதுபோல. முன்பெல்லாம் பேசாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், இப்போது நாளெல்லாம் பேசினாள். ஒரு நாள் அப்பாவின் உள்ளங்கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். உள்ளேயிருந்து ஒரு உதை விழுந்தது. ரே கையை எடுக்க நினைத்தார், எடுக்கவில்லை.

அதே நேரம் மோரீனையும் ஒரு நாள் கடைத்தெருவில் பார்த்தார். அவள் குழந்தைத் துணி அடுக்கியிருந்த கண்ணாடிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். ஏன் நிற்கிறோம் என்று அவளுக்கே தெரியாத முகம். ரேயைப் பார்த்ததும் வெட்கப்பட்டுச் சிரித்துவிட்டு நகர்ந்தாள். அன்றைக்கு ரேக்குச் சோறு இறங்கவில்லை. கொடுத்துவிட வேண்டும், கொடுத்துவிட வேண்டும் என்று லாரியைக் கழுவிக்கொண்டே தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அக்டோபர். முதல் ஆட்டம் சனிக்கிழமை சாயங்காலம். கடையில் நிற்க இடமில்லை. வாரிங் பொறுக்கிய புதுப் பையன், ஏமரி பூன், இன்றைக்கு இறங்குகிறான். நேற்றுவரை வாரிங்கை ஏரியில் போடத் துடித்தவர்கள் எல்லாம் அவர் படம் போட்ட சட்டையில் வந்திருந்தார்கள்.

"நீங்க சொன்னதுதான் சரியாப் போச்சு சார்," என்றான் நார்பர்ட் பெருந்தன்மையாக. "பழசைக் கழிச்சாத்தான் புதுசு வரும்போல. எனக்கு மட்டும் இன்னும் டல்லிதான்." அவன் அந்தப் பழைய சட்டையிலேயே வந்திருந்தான். காலர் நைந்துபோயிருந்தது. தைத்துக் கொடுக்க ஆள் இல்லை என்று தெரிந்தது.

லொரெய்ன் வரிசையாகப் பேர் கேட்டுக்கொண்டு வந்தாள். மனைவி என்றார் ஒருவர். நாய் என்றார் இன்னொருவர், எல்லாரும் சிரித்தார்கள்.

"ஃபின்னர்ட்டி?"

"யாரும் இல்ல," என்றார் ஃபின்னர்ட்டி. ரேயைப் பார்த்தபடி சொன்னார். கோடை முழுக்கத் தூங்காத கண்கள்.

"ரே?"

யாரும் இல்லை என்று சொல்ல வேண்டும். போன வருஷம் சொன்ன அதே சொல்தான். சொல்லிவிட்டால் மணி ஒன்று அடிக்கும், நார்பர்ட் தட்டை எடுத்துக்கொண்டு மேசையைச் சுற்றி வருவான், அண்ணே என்பான். மோரீனின் வயிறு நிறையும். மஞ்சள் அறையில் கொலெட் நின்று, இங்கே எதற்கு மஞ்சள் அடித்தோம் என்று யோசிப்பாள். மறுபடி சுவரைப் பார்ப்பாள். ரே வாயைத் திறந்தார்.

"கொலெட்டோட குழந்தை," என்றார்.

லொரெய்ன் அவரைப் பார்த்தாள். கூட்டத்துக்கு ஒன்றும் புரியவில்லை, நல்ல தாத்தா என்று யாரோ முதுகில் தட்டினார்கள்.

ஃபின்னர்ட்டி கிட்டே வந்தார். கத்தவில்லை. "சத்தியம் பண்ணினியேப்பா."

"பண்ணினேன்."

"இப்பவும் பேரை மாத்திக்கலாம். லொரெய்ன் விடுவா." லொரெய்ன் தலையசைத்தாள்.

"வீட்டை எடுத்துக்க," என்றார் ரே. "ரெண்டு தளமும். என் பென்ஷனை எடுத்துக்க. என்ன கேட்டாலும் தர்றேன், அவனைக் கொடு."

"நான் கேட்டது ஒண்ணுதான்."

ஃபின்னர்ட்டி காத்திருந்து பார்த்தார். பிறகு நார்பர்ட்டைப் பார்த்தார். "இவன் மூஞ்சியைத் தினமும் பாத்துக்கிட்டு என்னால இருக்க முடியாது," என்று மெதுவாகச் சொல்லிவிட்டு, கல்லாவோரம் ஆட்டம் பார்க்க ஒதுங்கியிருந்த ஒஹாயோ லாரிக்காரர் பக்கம் திரும்பினார். "ஐயா, எங்க விளையாட்டுல சேர்றீங்களா? என் தம்பியைத் தர்றேன். உங்க தட்டுல இருக்கிற கோழி இறக்கையைக் கொடுங்க."

லாரிக்காரர் வாய் நிறையச் சிரித்தார். "நல்ல வியாபாரம். ஆச்சு."

"ஆச்சு."

அடிக்காதே என்று ரே சொல்லியிருக்கலாம். சொல்லி என்ன, கடையெல்லாம் கரண்டிகள் கிடந்தன. லொரெய்ன் மணியை அடித்தாள்.

நார்பர்ட் எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டான். "அண்ணே, கிளம்பலாமா? பனி வர்றதுக்குள்ள எல்லையைத் தாண்டிடலாம்," என்றான் லாரிக்காரரிடம். லாரிக்காரர் சிரிப்பை மறந்து, பல காலம் பழகினவர்போல அவன் காலரைச் சரி செய்துவிட்டார். கதவுவரை போன நார்பர்ட், வழியில் நின்ற ரேயைப் பார்த்து, முன்பின் தெரியாதவர்களிடம் காட்டும் மரியாதையோடு, "கொஞ்சம் வழி விடுங்க சார்," என்றான்.

ரே வழி விட்டார்.

அந்த நேரம் டி.வி.யில் ஏமரி பூன் முதல் கூடையைப் போட்டான். கடை முழுக்க எழுந்து நின்று கை தட்டியது. ரேயும் எழுந்து நின்றுதான் இருந்தார். அழுதுகொண்டே அவரும் கை தட்டினார்.